தேய்வதற்கென்றே ஒரு பட்டியல்

கல்யாண வீட்டில் இரண்டு கணக்கு ஓடும். பந்தியில் எத்தனை இலை விழுந்தது என்பது சமையல்காரர் கணக்கு. வாசலில் மொய் நோட்டை விரித்து உட்கார்ந்திருப்பவருடையது வேறு கணக்கு: இன்ன ஊர், இன்னார் மகன் இன்னார், இவ்வளவு ரூபாய். இலைக் கணக்கை மறுநாள் யாரும் தேடுவதில்லை. மொய் நோட்டு பத்து வருஷம் கழித்தும் பரணிலிருந்து இறங்கி வரும்.

அமெரிக்காவில் வீடில்லாதவர்களை அரசாங்கம் எண்ணுவது இலைக் கணக்கு. ஜனவரிக் கடைசியில் ஓர் இரவைக் குறித்துக்கொண்டு, தன்னார்வலர்கள் டார்ச்சோடு கிளம்புவார்கள். பாலத்துக்கு அடியில் ஐந்து பேர், பூங்கா பெஞ்சில் இரண்டு பேர், மூடிய காருக்குள் ஒருவர் இருக்கலாம். விடுதிகளில் படுத்திருப்பவர்களையும் கூட்டி வாஷிங்டனுக்கு அனுப்புவார்கள். 2024-ல் அப்படி வந்த கூட்டுத்தொகை 7,71,480. அந்த ஏழு லட்சத்தில் ஒருவரைக்கூட அந்த எண்ணை வைத்துக்கொண்டு மறுநாள் காலையில் போய்ச் சந்திக்க முடியாது.

நான் சொல்ல வந்தது அங்கே உருவான மொய் நோட்டைப் பற்றி. 'பை-நேம் லிஸ்ட்' என்பார்கள். ஓர் ஊரில் இன்று வீடில்லாமல் இருக்கும் ஒவ்வொருவருடைய பெயரும், எங்கே படுக்கிறார், என்ன நோய், ராணுவத்தில் இருந்தாரா, வீடு கிடைக்க எந்தத் தாள் குறைகிறது என்பதும் அடங்கிய பட்டியல். பெரும்பாலும் ஒரு சாதாரண எக்ஸெல் தாள்தான். பார்ப்பதற்கு அலுப்பூட்டும் பொருள். அது போய்வந்த தூரம் அலுப்பூட்டுவதில்லை.

நியூயார்க்கில் ரோசான் ஹாகர்ட்டி என்ற பெண்மணி 1990-ல் 'காமன் கிரவுண்ட்' என்ற அமைப்பைத் தொடங்கினார். டைம்ஸ் சதுக்கத்துக்குப் பக்கத்தில் பாழடைந்து கிடந்த டைம்ஸ் ஸ்கொயர் ஹோட்டலை வாங்கிப் புதுப்பித்து, 652 குடியிருப்புகளாக்கினார். வீடில்லாதவர்களும் சொற்ப வருமானக்காரர்களும் ஒரே கூரைக்குக் கீழே குடியேறினார்கள். எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் ஹோட்டலை விட்டு இறங்கி நாலு எட்டு நடந்தால் பழைய ஆட்கள் பழைய இடத்திலேயே படுத்திருந்தார்கள். கட்டடம் நிரம்பியது, நடைபாதை காலியாகவில்லை.

காரணம் எளிது, ஆனால் பிடிபடுவதற்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. விண்ணப்பம் எழுதி, வரிசையில் நின்று, நேர்காணலுக்கு வந்து உட்காரத் தெம்புள்ளவர்களுக்கே வீடு கிடைத்தது. வருஷக்கணக்காக வெளியில் கிடந்தவர்கள் அந்த வரிசைக்கே வரவில்லை. அவர்களிடம் போனவர்கள் கொண்டுபோனதும் சாண்ட்விச்சும் கம்பளியும்தான். 'உனக்கு வீடு வேண்டுமா?' என்ற கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு.

2000-களின் தொடக்கத்தில், வெளியில் கிடந்தவர்களை வீட்டுக்குள் கொண்டுவரும் வேலைக்கு ஹாகர்ட்டி அமர்த்தியவர் சமூகப்பணி படித்தவர் இல்லை. பெக்கி கானிஸ் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் படித்து, ஒன்பது வருஷம் படையில் இருந்தவர். படைக்காரருக்குக் களத்தை வேவு பார்க்காமல் காரியத்தில் இறங்கத் தெரியாது. அதிகாலை ஐந்து மணிக்கு ஆட்களோடு தெருவில் இறங்கினார். ராத்திரி பத்து மணிக்கு டைம்ஸ் சதுக்கத்தில் யார் குடியிருப்பவர், யார் சும்மா சுற்றுகிறவர் என்று சொல்வது கஷ்டம். விடியலில் அட்டையை விரித்துத் தூங்குகிறவர் அங்கேயே வாழ்கிறவர். ஒவ்வொரு நாளும் போனபோது, வருவதும் போவதுமாக இருப்பவர்கள் பலர், விடாமல் அங்கேயே கிடப்பவர்கள் சிலர் என்பது புரிந்தது. அந்தச் சிலரின் பெயர்கள் எழுதப்பட்டன. பட்டியல் அங்கே பிறந்தது என்று சொல்லலாம்.

எழுதியதோடு நிற்காமல், அவர்கள் கேட்டதைக் கொடுக்கவும் செய்தார்கள். அதற்கான துணிச்சல் அதே ஊரிலிருந்துதான் வந்தது. 1992-ல் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர், குடியை நிறுத்து, மருந்தைச் சாப்பிடு, நல்ல பிள்ளையாக நட, அப்புறம் வீடு தருகிறேன் என்ற படிக்கட்டு முறையைத் தலைகீழாக்கியிருந்தார். முதலில் சாவி, மற்றதெல்லாம் பிறகு. 2000-ல் வெளியான அவருடைய ஆய்வில், ஐந்து வருஷம் கழித்தும் வீட்டிலேயே தங்கியிருந்தவர்கள் 88 சதவீதம். படிக்கட்டு ஏறி வந்தவர்களில் அது 47. ஒண்டக் கூரையில்லாதவனிடம் ஒழுக்கச் சான்றிதழ் கேட்டுக்கொண்டிருந்த காலத்துக்கு அந்த இரண்டு எண்கள் ஒரு சூடு.

டைம்ஸ் சதுக்கத்தைச் சுற்றிய இருபது தெருக்கட்டுகளில் வெளியில் தூங்குகிறவர்களின் எண்ணிக்கை 87 சதவீதம் குறைந்தது. 2010 வாக்கில், அங்கே நெடுநாளாய்க் கிடந்தவர்களில் ஒரே ஒருவர்தான் மிச்சம் என்று பத்திரிகையில் செய்தி வந்தது. உலகமே வந்து போகிற இடத்தில் அசையாமல் இருந்த ஒரு மனிதர். அவரைப் போய்ப் பார்ப்பதையும் பணியாளர்கள் நிறுத்தவில்லை.

இதற்கிடையில் பட்டியல் பாஸ்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தது. அங்கே ஜிம் ஓ'கானல் என்ற மருத்துவர் 1985 முதல் வீடில்லாதவர்களுக்கு வைத்தியம் பார்த்துவருகிறார். அவர் சேர்ந்த புதிதில், விடுதி மருத்துவமனையை நடத்திய செவிலியர் பார்பரா மக்கின்னிஸ் அவருடைய ஸ்டெதஸ்கோப்பை வாங்கி வைத்துவிட்டு, முதலில் இவர்கள் காலைக் கழுவு என்று சொல்லிவிட்டார். ஹார்வர்டில் படித்துவிட்டு வந்த டாக்டர் தொட்டித் தண்ணீர் முன்னால் மண்டியிட்டு வாரக்கணக்கில் கால் கழுவினார். கால் கழுவும்போது பேச்சு வரும். பாதம் வெடித்திருப்பதும், குளிரில் விரல் கருத்திருப்பதும், ஈரத்திலேயே ஊறி வெளுத்துப்போயிருப்பதும் கண்ணில் படும்.

பிறகு, தெருவில் இறந்துபோன நோயாளிகளின் பதிவுகளை எடுத்துப் பார்த்து, யார் சீக்கிரம் சாகிறார்கள் என்று ஸ்டீபன் ஹ்வாங் முதலியோருடன் சேர்ந்து அவர் ஆராய்ந்தார். கட்டுரை 1998-ல் வந்தது. ஆறு மாதத்துக்கு மேல் வெளியில் இருந்து, கூடவே சிறுநீரகம் செயலிழந்திருந்தாலோ, கல்லீரல் சுருங்கியிருந்தாலோ, எச்.ஐ.வி. இருந்தாலோ, வயது அறுபதைத் தாண்டியிருந்தாலோ, குளிரில் கால் உறைந்த பழைய காயம் இருந்தாலோ, அடிக்கடி அவசரச் சிகிச்சைக்கு ஓடியிருந்தாலோ, அல்லது உடல்நோயும் மனநோயும் போதைப்பழக்கமும் மூன்றும் சேர்ந்திருந்தாலோ, அந்த மனிதருக்கு நாள் குறைவு. கானிஸின் ஆட்கள் இதைக் கேள்வித்தாளாக்கினார்கள். அதுவரை பெயர்கள் மட்டும் இருந்த பட்டியலுக்கு ஒரு வரிசை வந்தது: முதலில் சாகக்கூடியவர் முதலில். கால் கழுவிய தொட்டியிலிருந்து எக்ஸெல் தாளின் ஒரு கட்டத்துக்கு வந்து சேர்ந்த அந்தக் 'குளிர்க்காயம் உண்டா?' என்ற கேள்வியைத்தான் நான் இந்தப் பட்டியலின் முகம் என்று நினைத்துக்கொள்வது.

கேள்வித்தாள் நியூயார்க்கை விட்டுக் கிளம்பியது. லாஸ் ஏஞ்சல்ஸின் ஸ்கிட் ரோவில், நாட்டிலேயே மிக நெருக்கமாக மனிதர்கள் தெருவில் கிடக்கும் அந்தப் பகுதியில், 2007 முடிவில் 'புராஜெக்ட் 50' தொடங்கியது. யார் ஐம்பது பேர் முதலில் செத்துப்போவார்கள் என்று கண்டுபிடித்து, அந்த ஐம்பது பேருக்கும் வீடு. அதற்கப்புறம் ஊர் ஊராக 'பதிவு வாரம்' நடந்தது. பாங்கு ஊழியர், மாணவர், பாதிரியார், முன்னாள் தெருவாசி என்று பலதரப்பட்டவர்கள் மூன்று நாள் தொடர்ந்து அதிகாலை நாலு மணிக்கு எழுந்து, தூங்குகிறவர்களை மெல்ல எழுப்பி, அனுமதி கேட்டு, கேள்விகளைக் கேட்டார்கள். சம்மதித்தால் ஒரு புகைப்படமும் எடுத்துக்கொண்டார்கள். நாலாம் நாள் ஊர்க்கூட்டத்தில் படங்களோடு பெயர்களை அறிவித்தார்கள். 'வீடற்றோர் பிரச்சினை' என்று பேசியே பழகிய மேயர்களுக்கு முன்னால் முகங்கள் வந்து நின்றன.

கேள்வித்தாளில் ஒரு கேள்வி: நீங்கள் அமெரிக்கப் படையில் பணியாற்றியதுண்டா? 'முன்னாள் படைவீரரா?' என்று கேட்டால் பலர் இல்லை என்றுவிடுவார்கள். சண்டைக்குப் போகாதவர்கள், பெண்கள், பாதியிலே வெளியேற்றப்பட்டவர்கள் எல்லாம் அந்தப் பெயர் தங்களுக்குப் பொருந்தாது என்று எண்ணிக்கொள்வார்கள். 'பணியாற்றியதுண்டா' என்று கேட்டால் ஆமாம் என்பார்கள். ஒரு வினைச்சொல் மாறினால் ஒருவருக்கு வீடு.

இந்த ஒரு கேள்வி பட்டியலை வெள்ளை மாளிகைவரை கொண்டுபோயிற்று. 2009 நவம்பரில், முன்னாள் படைவீரர் நலத்துறையின் அமைச்சர் எரிக் ஷின்செகி (அவரே ஜெனரலாக இருந்தவர், வியட்நாமில் காலில் காயம் பட்டவர்) ஐந்து வருஷத்தில் படைவீரர் ஒருவரும் தெருவில் இருக்கக்கூடாது என்று அறிவித்தார். 2010 ஜனவரிக் கணக்கில் அப்படி இருந்தவர்கள் 74 ஆயிரத்துக்கு மேல். பணம் ஏற்கெனவே வரத் தொடங்கியிருந்தது. 'ஹட்-வாஷ்' என்று ஒரு திட்டம். 1992-ல் சிறியதாகத் தொடங்கி, ஏறக்குறைய உறங்கிக் கிடந்தது. 2008-ல் நாடாளுமன்றம் 7.5 கோடி டாலர் ஒதுக்கிப் பத்தாயிரம் வாடகைச் சீட்டுகளைக் கொடுத்தது. வருமானத்தில் சுமார் 30 சதவீதத்தைக் குடியிருப்பவர் கொடுத்தால் போதும், மிச்ச வாடகை அரசாங்கத்தினுடையது. கூடவே நலத்துறையின் பணியாளர் ஒருவர் வந்து பார்த்துக்கொள்வார். அதன் பிறகு ஏறத்தாழ ஆண்டுதோறும் சீட்டுகள் கூடி, ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன.

சீட்டு இருக்கிறது, ஆள் இருக்கிறார், நடுவில் தாள்கள். படையிலிருந்து வெளிவந்ததற்கான சான்று 'டிடி-214' என்ற படிவம். தெருவில் பத்து வருஷம் கிடந்தவர் பையில் அது எப்படி இருக்கும்? நகல் கேட்டு எழுத வேண்டும். எழுதினாலும், 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் பிடித்த தீயில் 1.6 கோடியிலிருந்து 1.8 கோடிவரை படைவீரர் கோப்புகள் சாம்பலாகிவிட்டன. 1912-க்கும் 1960-க்கும் இடையில் தரைப்படையிலிருந்து வெளிவந்தவர்களின் கோப்புகளில் 80 சதவீதம் அதில் போயிற்று. கொரியப் போரில் நின்ற கிழவர், தான் நின்றதை நிரூபிக்க முடியாமல் நிற்கலாம். இன்னும் சிலரைப் படை நல்ல பெயரில்லாமல் அனுப்பியிருக்கும். அவர்களுக்கு நலத்துறைக் கதவு வெகுகாலம் திறக்கவில்லை. பட்டியல் இந்த இடத்தில்தான் உபயோகப்பட்டது. யாருக்கு எந்தத் தாள் எந்த மேஜையில் எத்தனை நாளாக நிற்கிறது என்று ஒரே பார்வையில் தெரிந்தது. ஊழியர்களை ஓர் அறையில் உட்காரவைத்து, முதல் சந்திப்பிலிருந்து சாவிவரை உள்ள ஒவ்வொரு படியையும் சுவரில் ஒட்டச் சொன்னார்கள். ஒரே பிறப்புச் சான்றிதழை மூன்று அலுவலகங்கள் தனித்தனியாகக் கேட்பது சுவர் முழுக்கத் தெரிந்தது. நம் தாலுகா அலுவலகம் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம்.

2010 ஜூலையில் பட்டியல் நாடு தழுவிக் கிளம்பியது. நாலு வருஷத்தில் ஒரு லட்சம் பேருக்கு வீடு என்பது இலக்கு. 2014-ல் கணக்கு முடித்தபோது 186 ஊர்களில் 1,05,580 பேர் வீட்டுக்குள் போயிருந்தார்கள். மாதம் ஒன்றுக்குத் தங்கள் பட்டியலில் 2.5 சதவீதம் பேரைக் குடியேற்றும் ஊர்களைத் தனியே கொண்டாடினார்கள். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது அடுத்து நடந்ததுதான். கொண்டாட்டம் முடிந்ததும் ஹாகர்ட்டியும் கூட்டாளிகளும் ஓர் அசௌகரியமான உண்மையைச் சொன்னார்கள்: ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டோம், ஆனால் ஓர் ஊரில்கூட வீடற்ற நிலை முடியவில்லை. எவ்வளவு இறைத்தோம் என்று எண்ணினோமே தவிர, கிணற்றில் எவ்வளவு ஊறுகிறது என்று பார்க்கவில்லை.

அதனால் பட்டியல் மாறியது. ஒரு வாரத்தில் எடுத்து வைத்த புகைப்படம் போலிருந்தது, தினசரி திருத்தப்படும் பேரேடாயிற்று. இந்த மாதம் புதிதாக வந்தவர் எத்தனை, வீடு பெற்றவர் எத்தனை, வீடு பெற்றும் திரும்பி வந்தவர் எத்தனை, காணாமல் போனவர் எத்தனை. 2015-ல் தொடங்கிய இந்த இரண்டாம் கட்டத்துக்கு 'பில்ட் ஃபார் ஸீரோ' என்று பின்னால் பெயர் வந்தது. காமன் கிரவுண்டிலிருந்து பிரிந்து வந்த 'கம்யூனிட்டி சொலூஷன்ஸ்' அமைப்பு இதை நடத்துகிறது. 2021-ல் மெக்ஆர்தர் அறக்கட்டளை அதற்குப் பத்துக் கோடி டாலர் கொடுத்தது.

இலக்கணமும் திருந்தியது. பூஜ்யம் என்றால் ஒருவரும் இல்லை என்று பொருள் கொள்ளவில்லை. நாளைக்கே ஒரு படைவீரர் விவாகரத்தாகித் தெருவுக்கு வரலாம். வருகிறவர் எண்ணிக்கை, அந்த ஊரால் ஒரு மாதத்தில் வீடு தரமுடிகிற எண்ணிக்கைக்குள் இருந்தால் அதுவே நடைமுறைப் பூஜ்யம். நெடுங்கால வீடற்றோருக்கு அளவு இன்னும் கடுமை: சிறிய ஊரில் எந்த நேரத்திலும் மூன்று பேருக்கு மேல் இருக்கக்கூடாது. நெடுங்காலம் என்றால் ஊனமோ தீரா நோயோ இருந்து, ஒரு வருஷம் தொடர்ந்தோ, மூன்று வருஷத்தில் நாலு தடவையாக மொத்தம் பன்னிரண்டு மாதமோ வெளியில் கிடந்தவர். 'முடித்துவிட்டோம்' என்ற தலைப்புச் செய்திக்கும் இந்த இலக்கணத்துக்கும் இடைவெளி இருக்கிறது. மேயர்கள் முதலாவதைச் சொல்ல ஆசைப்படுவார்கள்.

படைவீரர் யாரும் தெருவில் இல்லாமல் செய்வதாக நியூ ஆர்லியன்ஸ் மேயர் மிட்ச் லாண்ட்ரூ 2014-ல் ஏற்ற சவாலை 2015 ஜனவரியில் முடித்தார். 227 படைவீரர்கள் வீட்டுக்குப் போனார்கள். அங்கே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தவர்களில் சீருடைக்காரர்களும் முன்னாள் படைவீரர்களும் இருந்தார்கள். ஒரு படைக்காரன் இன்னொரு படைக்காரனிடம் பேசும் பாஷை வேறு. அதே வருஷம் ஜூனில் ஹூஸ்டன். அங்கே மூன்று வருஷத்துக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் 3,650 படைவீரர்கள். இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபர்ட் என்ற மங்கிப்போன தொழில்நகரம், 2015 டிசம்பரில் படைவீரர் கணக்கையும் 2017 தொடக்கத்தில் நெடுங்கால வீடற்றோர் கணக்கையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, இரண்டையும் எட்டிய முதல் ஊராயிற்று. நியூஜெர்சியின் பெர்கன் மாவட்டம் அதே 2017-ல்.

ராக்ஃபர்டில் பணக்காரர் யாரும் வந்து வீடு கட்டித்தரவில்லை. நகராட்சி, நலத்துறை, மருத்துவமனை, விடுதிகள் ஆகியவற்றின் ஆட்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரே பட்டியலைப் பெயர் பெயராகப் பேசினார்கள். இந்தக் கூட்டங்கள் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி. ஒரு பெயரை வாசிப்பார்கள். கடைசியாக யார் பார்த்தது? லைப்ரரிப் பக்கம் வியாழக்கிழமை. அடையாள அட்டை வந்ததா? வந்தது. நாயோடு இருக்கிறாரே, நாய்க்கு ஒத்துக்கொள்ளும் வீட்டுக்காரர் யார்? அடுத்த பெயர். நம்மூரில் பட்டியலில் பெயர் விட்டுப்போனால்தான் பதறுவோம், வாக்காளர் பட்டியலானாலும் ரேஷன் கார்டானாலும். இங்கே பெயர் அடிபட்டால் அறையே கைதட்டும்.

கைதட்டலோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை. பாஸ்டன் கேள்விகள் 2013-ல் இன்னொரு வினாத்தாளோடு கலந்து, 'வி.ஐ.-ஸ்ப்டாட்' என்ற மதிப்பெண் முறையாகி, நாடெங்கும் பரவின. யாருக்கு மார்க் அதிகமோ அவருக்கு வீடு. தெருவோரத்தில், முன்பின் தெரியாத ஒருவரிடம், உன்னை யாராவது அடித்திருக்கிறார்களா, போதை உண்டா, உடம்பை விற்றதுண்டா என்ற கேள்விகளுக்கு உள்ளதைச் சொன்னவருக்கு மார்க் ஏறும். மானத்தோடு வாயை மூடிக்கொண்டவர் கீழே இறங்குவார். காவல்துறைக்கும் அரசுக்கும் பயந்தே பழகிய கறுப்பினத்தவர் எதைத்தான் சொல்வார்கள்? ஒரே நிலையில் இருந்தும் வெள்ளையர்களுக்கு அதிக மதிப்பெண் விழுவதை 2019-ல் வந்த ஆய்வு காட்டியது. 2020 முடிவில் உருவாக்கியவர்களே அந்த முறையைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். இன்னொரு குறை அதன் வடிவத்திலேயே இருந்தது. நோய் முற்றியவர் முன்னால் போவதால், முற்றாதவர் முற்றும்வரை காத்திருக்க வேண்டும். சாகக்கூடியவர் முதலில் என்பது வீடுகள் போதாத இடத்தில் நியாயம்தான். வீடுகள் ஏன் போதவில்லை என்று அந்த வரிசை கேட்காது.

அதற்கான பதிலை இரண்டு எண்களே சொல்கின்றன. 2024 ஜனவரியில் வீடில்லாத படைவீரர்கள் 32,882 பேர். 2010-லிருந்து பாதிக்கு மேல் குறைவு. அதே இரவில் நெடுங்கால வீடற்றோர் ஒன்றரை லட்சத்துக்கும் மேல், அதுவரை காணாத உயரம். இரண்டு கூட்டத்துக்கும் பட்டியல் ஒன்றுதான், முறை ஒன்றுதான். முதல் கூட்டத்தின் பின்னால் ஒரு லட்சத்துக்கு மேல் வாடகைச் சீட்டும், தனி மருத்துவமனைகளும், பொறுப்பேற்க ஒரே துறையும் நின்றன. இரண்டாம் கூட்டத்துக்கு அவை இல்லை. நிலத்தை இன்னின்ன காரியத்துக்கே என்று வகைபிரித்துக் கட்டுப்படுத்தாத ஹூஸ்டனில் வீடு கட்டுவது சுலபம், வாடகையும் குறைவு. அங்கே 2011 முதல் பத்தாண்டில் 25 ஆயிரம் பேர் குடியேறினார்கள். கலிபோர்னியாவில் எவ்வளவு திருத்தமான பட்டியல் வைத்திருந்தாலும் சாவி மெதுவாகத்தான் வருகிறது. மொய் நோட்டை எத்தனை அழகாக எழுதினாலும் பந்தியில் சோறு வெந்திருக்க வேண்டும்.

காற்றும் திசை மாறிவிட்டது. தங்க வேறு இடமில்லாவிட்டாலும் பொது இடத்தில் படுத்தவருக்கு ஊர்கள் அபராதம் விதிக்கலாம் என்று கிராண்ட்ஸ் பாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் தீர்ப்பளித்தது. 2025 ஜூலையில் வந்த அதிபர் ஆணை, முதலில் சாவி என்ற கொள்கைக்குக் கொடுத்துவந்த ஆதரவை நிறுத்தச் சொல்கிறது. பாலத்தடியிலிருந்து கூடாரங்களைக் கிளப்பினால் பட்டியலுக்கு நேரும் கதி கள ஊழியர்களுக்கு நன்றாகவே தெரியும். ஆறு மாதம் அலைந்து வாங்கிய ஒப்புதல் கடிதத்தோடு போய் நின்றால், அங்கே சிமென்ட் தரை மட்டும் கழுவிவிட்டாற்போல் இருக்கும். செல்போன் எண் அணைந்திருக்கும்.

பல ஊர்களில் அதற்கும் ஒரு விதி உண்டு. தொண்ணூறு நாள் ஒருவரும் பார்க்கவில்லை என்றால், அந்த வரியை 'செயலில் இல்லை' என்ற பகுதிக்கு நகர்த்துவார்கள். அழிப்பதில்லை. வேறு ஊருக்குப் போயிருக்கலாம், சிறையில் இருக்கலாம், தங்கை வீட்டில் இருக்கலாம், பிணவறையில் பெயர் தெரியாமல் இருக்கலாம். நவம்பரில் குளிர் இறங்கி, ஒரு விடுதியின் வாசலில் யாரோ தன் பெயரைச் சொல்லும்போது, மேஜையில் இருப்பவர் அதைத் தட்டெழுதிப் பார்ப்பார். பழைய வரி, பழைய புகைப்படம், பாதியில் நின்ற டிடி-214 விண்ணப்பம், எல்லாம் அப்படியே இருக்கும். அதை மேலே இழுத்து, இன்றைய தேதியைப் போடுவார்.